நான் வாசிக்காமல் விட்ட நிபந்தனை

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறீர்கள். மூன்று வருடமும் ஏதோ ஒரு கல்யாணத்தைச் சொல்லித் தப்பித்தேன். உண்மைக் காரணம் வேறு. நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் எழாது. கட்டடம் வைத்திருப்பவரையும் கடை போட நினைப்பவரையும் சேர்த்து வைக்கிற வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் வீட்டில் வைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டடங்களை எப்படி முடித்துக் கொடுத்தேன் என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கைபேசியிலேயே படத்தைக் காட்டி முடித்துவிடுகிறீர்கள். நான் எழுதப் போவது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆறு நிமிடத்துக்குள் நான் செய்த ஒரு காரியம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அலுவலகம் எதுவும் கிடையாது. பாறசாலையில் ரயில் நிலையத்துக்குப் பிரியும் சாலையின் முனையில் ஒரு டீக்கடை இருந்தது. அதன் பெஞ்சில் இருப்பேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் எனக்கு வரும் போன்களைக் கேட்டுச் சொல்லுவார். கடை வைக்கும் அறையை நம் பக்கத்தில் கடைமுறி என்கிறோம் அல்லவா, எந்த முறி எப்போது காலியாகும் என்பது எனக்கு மனப்பாடம். அதுதான் என் கைமுதல்.

அப்போது கடை போட வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், எழுத்தைக் காட்டினால் கையை விரிப்பார்கள். வாடகைப் பத்திரம் எழுதுவது மலையாளத்தில். ஆகவே கையெழுத்துப் போடும் முன் நடுவில் நிற்கும் ஆள் அதை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் கேட்பிக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. எங்கள் பக்கத்து முறை, அவ்வளவுதான். “வாசிச்சுக் கேட்டாச்சா?” என்று கட்டடக்காரர் கேட்பார். “கேட்டாச்சு” என்று வாடகைக்காரர் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை தமிழிலும் அதற்குமேல் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்திலும் படித்தவன். அந்தப் படிப்பு வேறு எதற்கும் உதவவில்லை, இதற்கு உதவியது. நான் வாயால் சொல்வதுதான் அந்த மனிதர்களுக்குப் பத்திரம். இதை யோசித்துப் பாருங்கள். நான் அந்த வயதில் யோசிக்கவில்லை.

லில்லிபாய் என்ற பெண்ணும் அவள் கணவன் செல்வதாசும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். செல்வதாஸ் திருவனந்தபுரத்தில் ஒரு பேக்கரியில் பன்னிரண்டு வருடம் அடுப்படியில் நின்றவன். அதிகம் பேச மாட்டான். பேச்செல்லாம் அவள்தான்.

“அண்ணன், ரோட்டோரம் ஒரு முறி வேணும். பின்னால இடமும் உண்டும்னா கொள்ளாம். இவரு போர்மா கட்டணும்.”

போர்மா என்பது ரொட்டி சுடும் செங்கல் அடுப்பு. ஒரு சிறிய அறை அளவு இருக்கும். அதன் தளத்துக்கு அடியில் உப்பும் மணலும் உடைந்த கண்ணாடியும் போட்டு இறுக்குவார்கள், அப்போதுதான் சூடு நிற்கும். செல்வதாஸ் இரண்டு வருடமாக உடைந்த குப்பிகளைச் சாக்கில் சேர்த்து வைத்திருந்தான். “இவரு ஆளு சம்பாதிச்சது மொத்தம் அதாக்கும்” என்று லில்லிபாய் சிரித்தாள். “பெண்ணு கேட்டு வாறவன் கிட்ட சாக்கு காட்டணும்.” அவளுக்கு ஒரு மகள். இரண்டோ மூன்றோ படித்துக்கொண்டிருந்தது.

ஒரு தடவை கட்டிய போர்மாவைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. அதைக் கட்டுகிறவன் அந்த இடத்தில் பல வருடம் இருக்கப்போவதாக நம்பித்தான் கட்டுகிறான். இது எனக்கும் தெரியும்.

முறி சுகுமாரன் முதலாளியுடையது. நெடுஞ்சாலையோரம் மூன்று முறிகள் கொண்ட கட்டடம். அவருக்குப் பாறசாலையில் வேறு இரண்டு கட்டடங்களும் உண்டு. மூன்றுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான். போர்மா கட்டுவதற்கு அவர் சம்மதித்தார். “நீ பத்து வருஷம் இரு பிள்ளே, ஆரு எழும்பச் சொன்னா?” என்று லில்லிபாயிடம் சொன்னார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். அன்றைக்கு அவருக்கு வேறு எண்ணம் இல்லை.

கையெழுத்துக்கு முந்தின நாள் பத்திரம் எழுதுகிறவர் எனக்குத் தாளைக் காட்டினார். ஒன்பதாவது நிபந்தனை இப்படி இருந்தது: பதினொரு மாதம் முடிந்தால் மேலும் நீட்டிக் கொடுப்பது கட்டட உரிமையாளரின் விருப்பம் மட்டுமே. ஒழியும்போது, அதாவது காலி செய்யும்போது, முறியிலும் வளாகத்திலும் வாடகைக்காரர் கட்டியது எதுவாக இருந்தாலும் இழப்பீடு இல்லாமல் உரிமையாளருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாத்துலயும் எழுதுகதுதானே. புதுசா ஒண்ணும் இல்ல” என்றார் அவர்.

உண்மைதான். எல்லாப் பத்திரத்திலும் உண்டு. ஜவுளிக்கடைக்காரர் அலமாரி அடிப்பார், அதைப் பெயர்த்து எடுத்துப் போவார், யாரும் கேட்பதில்லை. ஆனால் இவர்கள் கட்டப்போவது போர்மா. அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் லில்லிபாயிடம் சொல்லியிருக்கலாம். முதலாளியிடம் போய் ‘மூணு வருஷம்னு ஆக்கி எழுதினா என்ன?’ என்று கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். நாளை வாசிக்கும்போது அவர்களே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதலாளிக்குப் பத்தரைக்கு முன்னால் கையெழுத்து முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். லில்லிபாய் வீட்டார் பழைய கிறிஸ்தவச் சபைக்காரர்கள், அவர்களுக்கு ஜெபம் செய்யாமல் எதுவும் தொடங்காது. உபதேசியாரைக் கூட்டி வந்திருந்தார்கள். பஸ் தாமதம். அவர்கள் வந்து இறங்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது.

காலி முறியின் நடுவில் ஒரு மேசை, நாலு நாற்காலி. உபதேசியார் கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம். அவர் உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கினார். முதலாளி என் காதருகே குனிந்தார்.

“எலே, இப்பம் ஆதாமுக்க கிட்ட நிக்குகு. ராவு காலத்துக்கு முன்ன நம்ம பாறசாலைக்கு வந்து சேருமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். உபதேசியார் நல்ல மனிதர். அந்த முறியையும் போர்மாவையும் அதில் வேகப்போகும் அப்பத்தையும் அதை வாங்கித் தின்னும் ஊரையும் முதலாளியின் குடும்பத்தையும் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். முதலாளியின் முகம்கூட இளகியது. லில்லிபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பத்து இருபத்திநான்கு.

“வாசி, வேகம் வாசி” என்றார் முதலாளி. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வாசித்தேன். வாடகை, தேதி, கரண்டு பில். ஒவ்வொன்றுக்கும் லில்லிபாய் ‘செரி’ என்றாள். எட்டாவது முடிந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்பதாவதை வாசித்தால் அவள் நிச்சயம் கேட்பாள். செல்வதாஸ் எழுந்துவிடுவான். முதலாளி ‘அது சும்மா எழுதுகது’ என்பார். அப்படியானால் அடித்துவிடுங்கள் என்பாள். பத்தரை ஆகிவிடும். முதலாளி இன்னொரு நாள் பார்ப்போம் என்று எழும்புவார். உபதேசியார் நடுவில் நின்று விழிப்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்பதுதான் அதில் பெரிய காரணம். இப்போது எண்ணிப் பார்த்தால் தெரிகிறது.

பத்தாவதுக்குப் போனேன். முறியை வேறு ஆளுக்கு மேல்வாடகைக்கு விடக்கூடாது.

“செரி” என்றாள்.

“வாசிச்சுக் கேட்டாச்சா?”

“கேட்டாச்சு.”

பத்து இருபத்தொன்பதுக்குக் கையெழுத்து முடிந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். உபதேசியார் எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் சந்தோஷம்தான், பத்து மாதத்துக்கு. போர்மா எழும்பியது. ஒரு வாரம் சின்னச் சின்னத் தீயாகப் போட்டு அதன் ஈரத்தை வற்றவைத்தார்கள். அம்பூரியிலிருந்து ரப்பர் விறகு வந்தது. காலையில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சூடு ஆறாத பன்னைப் பொதிந்து வாங்கிக்கொண்டு ஏறினார்கள். நான் அந்தப் பக்கம் போனால் லில்லிபாய் காசு வாங்காமல் ரஸ்க் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். “அண்ணன் பிடிச்சுத் தந்த முறியாக்கும், ராசி உள்ளது” என்று கடையில் நிற்பவர்களிடம் சொல்லுவாள். எனக்கு அங்கே நிற்க முடியாது. வேலை இருக்கிறது என்று நடந்துவிடுவேன்.

பதினோராவது மாதம் முதலாளியின் மருமகன் துபாயில் வேலை போய்த் திரும்பி வந்தான். ஓடிக்கொண்டிருக்கும் பேக்கரி ஒன்று மாமனார் கட்டடத்தில் இருக்கிறது, போர்மா உட்பட. முதலாளி லில்லிபாயிடம் முறியை ஒழியச் சொன்னார்.

அவள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தாள். வெயிலில் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. “கடைக்கு வாற ஒரு டீச்சரு வாசிச்சுச் சொன்னாவ. ஒம்பதாமத்தது இருக்காம். போர்மா அவருக்காம். அண்ணன், நீங்க வாசிச்சப்போ இது இல்லியே? பொறவு எழுதிச் சேத்ததா?”

தாளை வாங்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். “பாத்துச் சொல்லுகேன்” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை மெம்பருக்க வீட்டில பேசலாம்னு சொல்லியிருக்கு. நீங்க வந்து, வாசிக்கல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். மெம்பரு அவரை விட மாட்டாரு. மூணு வருஷமாவது வேண்டித் தருவாரு. உங்க வாயிலதான் இருக்கு அண்ணன்.”

பஞ்சாயத்து மெம்பர் கண்டிப்பான ஆள். அவள் சொன்னது சரி. வாசித்துக் கேட்பிக்காத நிபந்தனையை வைத்து ஒருவரை இடத்தைவிட்டு எழுப்புவது எங்கள் பக்கத்தில் நாலு பேர் ஒப்புக்கொள்ளாத காரியம். முதலாளி ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறவர். நான் சொன்னால் இறங்கி வந்திருப்பார்.

சனிக்கிழமை முதலாளி என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். “எலே, நெய்யாற்றின்கரையில நம்ம புதுக் கட்டடம் வாற மாசம் முடியும். பன்னிரண்டு முறி. ஆளு பாத்து வை” என்று மட்டும் சொன்னார். பிறகு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வந்தார்கள். மெம்பர் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர். மெம்பர் நேராக என்னிடம் வந்தார்.

“நீதானே வாசிச்சது? ஒம்பதாமத்ததை வாசிச்சியா, இல்லியா? ஒற்ற வார்த்தை சொல்லு.”

லில்லிபாய் என்னைப் பார்த்தாள். முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு... ஓர்மை இல்ல” என்றேன்.

“ஓர்மை இல்லியா? கமிஷன் வேண்டினது ஓர்மை உண்டா?”

யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வாசித்தேன் என்று பொய் சொல்லவில்லை அல்லவா, ஓர்மை இல்லை, ஞாபகம் இல்லை என்றுதானே சொன்னேன் என்று அந்த நிமிடத்திலேயே எனக்குள் ஒருவன் எனக்காக வாதாடத் தொடங்கிவிட்டான். அவனை நம்பாதீர்கள். அவன் உங்களுக்குள்ளும் வருவான். பொய்யை நாலு பேர் கண்டுபிடித்துக் கேட்க முடியும். ஓர்மை இல்லை என்பவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அது பொய்யைவிடக் கேவலம்.

“எனக்குத் தெரியாது மெம்பரே. பத்திரத்தில உள்ளதத்தான் நான் கேக்கேன்” என்றார் முதலாளி.

மெம்பர் லில்லிபாயிடம் திரும்பி, “மக்கா, சாட்சி இல்லாம நான் என்ன செய்ய?” என்றார். கடைசியில் கிறிஸ்துமஸ் விற்பனை முடியும்வரை இருக்கலாம் என்று முடிவானது. வெளியே போகும்போது என் செருப்பு செல்வதாசின் காலில் தட்டியது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று இருந்தேன். எழுத வரும்போது எனக்கு அதற்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. என்றாலும் பிற்காலத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். பத்திரத்தில் மிக மோசமான நிபந்தனை எதுவோ அதை முதலில் வாசிப்பேன். ஜெபத்துக்கும் ராகு காலத்துக்கும் முன்னால், முந்தின நாளே, வாடகைக்காரர் வீட்டில் போய் வாசிப்பேன். சிலது அங்கேயே உடைந்துபோகும். உடையட்டும். உடைந்ததற்காக யாரும் சாகவில்லை. நெய்யாற்றின்கரைக் கட்டடத்தின் பன்னிரண்டு முறிக்கும் நான்தான் ஆள் பிடித்துக் கொடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நல்லவனாக மாறி வேண்டாம் என்று விட்டுவிடவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து அவர்கள் முறியை ஒழிந்து கொடுத்தார்கள். சாவி வாங்கி முதலாளியிடம் கொடுப்பது என் வேலை. போனபோது செல்வதாஸ் தட்டுகளையும் மாவுப் பெட்டியையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தான். லில்லிபாய் பின்பக்கம் போர்மாவின் முன் நின்றாள். தீ அணைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் உள்ளங்கையைச் செங்கலில் வைத்திருந்தாள்.

“இன்னும் சூடு போவல்ல, பாத்தேரா” என்றாள்.

சாவியைக் கையில் வாங்கினேன். திரும்பப் போகும்போது கூப்பிட்டாள்.

“அண்ணன், ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். மனசில வைக்கப்பிடாது.”

“சொல்லு.”

“அன்னைக்கு நீங்க வாசிச்சப்போ ஒரு இடத்தில உங்க விரலு நின்னிச்சு. எட்டு வாசிச்சாச்சு. பின்ன விரலு ஒரு வரியில அப்படியே நின்னிட்டு, கீழ சாடிப் போச்சு. நான் பாத்தேன்.”

நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“வல்ல கடுப்பமான வார்த்தையாக்கும், அண்ணனுக்கு வாசிக்க வரல்லன்னு நினைச்சேன். நானும் ஏழுதானே படிச்சது, எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். முதலாளிக்க முன்ன வச்சு, ‘என்ன அண்ணன் விட்டியளே’ன்னு கேட்டா உங்களுக்கு நாணக்கேடு ஆவும். அதாக்கும் கேக்காம இருந்தேன். டீக்கடையில ‘பொறவு எழுதிச் சேத்ததா’ன்னு கேட்டதும் அதுக்குத்தான். மெம்பருக்க வீட்டிலயும் அத்தனை ஆளுக்க முன்ன அதைச் சொல்ல எனக்கு மனசு வரல்ல. எனக்க தப்புதான். அன்னைக்கே கேட்டிருக்கணும்.”

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். வேறு யாரும் அங்கே இல்லை. ராகு காலம் இல்லை, முதலாளி இல்லை, என்னைப் பார்க்க ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

“ஆமா பிள்ளே, கொஞ்சம் கடுப்பமான எழுத்து” என்றேன்.

“சாரமில்ல அண்ணன், போட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் டெம்போவில் ஏறிக்கொண்டாள்.

அந்த ஒன்பதாவது நிபந்தனையை இப்போது கேட்டாலும் மலையாளத்தில் வரி பிசகாமல் சொல்லுவேன். அதில் எனக்கு வாசிக்க வராத ஓர் எழுத்துகூட இல்லை.